சுவரைத் தொட்டதும் பேர் சொல்லணும்

விசிலை ஊதியாகிவிட்டது. ஊதின பிறகுதான், இன்றைக்கு மார்க்கண்டன் இல்லை என்பது தங்கையா சாருக்கு மறுபடியும் உறைத்தது. மார்க்கண்டன் கல்லூரி நீச்சல் குளத்தின் காவலாள். தினமும் உயர நாற்காலியில் குந்தி, கடலையை உடைத்து வாயில் போட்டபடி, தண்ணீரை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருப்பவன். கொழுந்தியாள் மகளுக்குச் சடங்கு என்று மத்தியானமே பாபநாசத்துக்கு பஸ் ஏறிவிட்டான். போயிட்டு வாப்பா, ஒரு நாளில் குடியா முழுகிவிடும் என்று பெருந்தன்மையாக அனுப்பி வைத்தவர் இவர்தான். அனுப்பாமல் என்ன செய்வார், நீ போனால் எனக்குக் கண் இல்லை என்று சொல்லவா முடியும். பயிற்சியை ரத்து செய்திருக்கலாம். ஆனால் அடைமழைக்கும் அம்மாவின் சாவுக்கும் கூட ரத்து செய்யாத மனுஷன், ஒரு காவலாள் லீவு போட்டதற்கு ரத்து செய்தால் ஏன் என்று கேட்பார்கள். அந்த ஏன் என்கிற கேள்விக்குத்தான் அவர் இரண்டு வருஷமாகப் பயந்துகொண்டிருக்கிறார். கார்த்திகை மாதத்துச் சாயங்காலம், மேகம் கவிந்து வெளிச்சம் சீக்கிரமே சாயம் போய்விட்டது, தண்ணீர் எங்கே முடிந்து சிமெண்டுத் தரை எங்கே தொடங்குகிறது என்பது கூட அவருக்கு நிச்சயமில்லை. அந்தப் பக்கத்து ஆழமான கோடியில் ஐந்து பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள். நிறுத்தினவர் அவர் என்பதால் தெரியுமே தவிர கண்ணால் பார்த்துத் தெரியவில்லை. ஒருத்தி பின் ஒருத்தியாகச் சுவரை உதைத்துக் கிளம்பி, குளத்தின் முழு நீளத்தையும் மூச்சு எடுக்காமல், தண்ணீருக்கு அடியிலேயே வந்து, அவர் காலடியில் இருக்கும் சுவரைத் தொட வேண்டும். நீந்தி நீந்திச் சக்கையாகிப் போன உடம்பில் கடைசியாக வாங்குகிற வேலை அது. அதனால்தான் தங்கையா சார் பிள்ளைகள் பந்தயத்தின் முடிவில் மற்றவர்களை அப்படியே விழுங்கிவிடுகிறார்கள் என்று தமிழ்நாடு முழுக்கச் சொல்லுவார்கள். அதற்கு இரண்டே சட்டம். கடைசிப் பிள்ளை வந்து சேர்ந்து அவர் விசில் ஊதுகிற வரைக்கும் கரையில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. சுவரைத் தொட்டவள் மட்டும், தொட்ட கையோடு, உரக்கத் தன் பேரைச் சொல்ல வேண்டும்.

இந்தப் பேர் சொல்லுகிற வழக்கம் இருக்கிறதே, அது பிரமாதமாகப் பிரசித்தியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் ஒரு பையன் வந்து பேட்டி எடுத்துப் போட்டான், தன் பேரைத் தானே உரக்கச் சொல்லுகிறவள் தன்னை நம்பத் தொடங்குகிறாள் என்று தங்கையா சார் சொன்னதாக. சொன்னார்தான். சொல்லும்போது அவருக்கே அது மெய்யென்று பட்டது. இப்போது கோயம்புத்தூரிலும் சென்னையிலும் பிள்ளைகள் சுவரைத் தொட்டுத் தொட்டுக் கத்துகின்றன, பாவம், எதற்கென்று தெரியாமல். தொட்டது யார் என்று இவருக்குத் தெரியாததால்தான் இந்தக் கூத்து என்பது இவருக்கும் கர்த்தருக்கும் மட்டும் தெரியும். கண்ணுக்குள்ளே அழுத்தம், நரம்பு பட்டுப்போய்விட்டது என்றார் மதுரையில் டாக்டர். திருநெல்வேலியில் காட்டினால் ஊருக்கே தெரிந்துவிடும் என்று மதுரைக்குப் போயிருந்தார். பட்ட மரம் இனித் துளிர்க்காது, இருக்கிறதைக் காப்பாத்திக்கலாம், சொட்டு மருந்தை விட்டுடாதீங்க, வண்டி ஓட்டாதீங்க, என்ன வேலை பாக்குறீங்க? வாத்தியார், என்றார் இவர். என்ன வாத்தியார் என்று டாக்டர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரா? சொல்லியிருக்க மாட்டார். சாக்பீசு பிடிக்கிற கை என்று அந்த மனுஷர் நினைத்துக்கொண்டு, பரவால்ல, சமாளிக்கலாம் என்றுவிட்டார். இடது கண்ணில் இப்போது ஒன்றுமில்லை. வலது கண்ணில் நடுவே மட்டும் கொஞ்சம் இடம் மிச்சம், உளுந்துவடை ஓட்டை வழியாக உலகத்தைப் பார்க்கிற மாதிரி. ஓட்டைக்குள் வருவது பளிச்சென்று வரும், அதுதான் பெரிய சூழ்ச்சி, பேப்பரைப் படிக்க முடியும், ஸ்டாப் வாட்சைப் படிக்க முடியும், பிரின்சிபால் முகத்தைப் பார்த்துச் சிரிக்க முடியும், ஆனால் பிரின்சிபால் நீட்டுகிற கை தெரியாது. மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டு நடந்து வரத் தொடங்கினபோது, இந்த வயதிலும் நடக்கிறார் பாருங்கள் என்று அசெம்பிளியில் கைதட்ட வைத்தார்கள். வீட்டில் எஸ்தர்தான் ஒரு நாள் கேட்டாள், என்ன இது, கறிவேப்பிலைய ஒதுக்காம முழுங்குதீய, முன்ன ஒண்ணுகூட வாயில படக்கூடாதே? முடிக்கு நல்லது என்றார். எஸ்தர் அவருடைய வழுக்கையைப் பார்த்துவிட்டு மோர் ஊற்றினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறது என்பார்கள், அவர் அந்தச் சோற்றைத் தினமும் தின்றும் வருகிறார். கோடை வந்தால் ஓய்வு. ஓய்வுக்குப் பிறகும் நீங்கள்தான் சார், உங்களை விடுவோமா என்கிறது நிர்வாகம். இந்தக் குளத்துக்கு அவர் பேரை வைப்பதாகப் பேச்சு நடக்கிறது. வாசலில் பெரிய எழுத்தில் போர்டு வருமாம். அதைப் படிக்க எத்தனை அடி தள்ளி நின்று, தலையை எப்படி எப்படித் திருப்ப வேண்டியிருக்கும் என்று அவர் இப்போதே யோசித்து வைத்திருக்கிறார்.

முதல் உதை கேட்டது. கோமதி. கேப்டன், இரண்டு காலையும் சேர்த்துச் சுவரை உதைக்கிறவள், பரோட்டா மாவை மேசையில் அடித்த மாதிரி ஒரு சத்தம். சத்தத்தை வைத்துத்தான் எல்லாம். கோமதிக்கு அந்தச் சத்தம், ஷைனிக்கு வழுக்கினாற்போல ஒன்று, ஹனிஷா கிளம்புமுன் மூக்கைச் சிந்துவாள், ஜான்சி வாய்க்குள் ஏசுவே என்பாள், வடிவுக்குச் சத்தமே கிடையாது. சுடலைவடிவு, முதல் வருஷம், கடையத்துக்காரி, அவளுடைய நீச்சலில் சத்தமில்லாததுதான் அவருக்கு முதலில் பிடித்தது, தண்ணீர் அவளுக்கு வழி விடுகிறது என்று மற்றவர்களிடம் பெருமை அடித்துக்கொண்டார், இப்போது அந்தச் சத்தமின்மைதான் தினமும் அவர் தொண்டையில் மீன் முள்ளாகக் குத்துகிறது. இன்றைக்கென்று பார்த்துக் கலையரங்கத்தில் ஏதோ விழா ஒத்திகை, மைக்கில் ஒருவன் அலோ அலோ என்று உயிரை எடுக்கிறான், பின்னால் ஒரு டிரம் வேறு. அந்த டிரம்மை யாராவது ஓடிப்போய் உடைக்க மாட்டார்களா? காதையும் பிடுங்கிக்கொண்டால் அப்புறம் இவரிடம் என்ன இருக்கிறது, வெறும் விசில்தான். "கோமதி!" என்று காலடியில் ஒரு கத்தல். நல்லது. மூச்சு விட்டார். பிள்ளைகளோடு சேர்ந்து அவரும் மூச்சை அடக்குகிற பழக்கம் வந்துவிட்டது. பெரியப்பாவுக்கும் கண் இப்படித்தான் ஓரத்திலிருந்து மங்கத் தொடங்கியிருக்கும். அப்போது யாருக்குத் தெரியும், வயசாகிவிட்டது என்றார்கள். உச்சி வெயிலில் வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, இன்னும் வெளக்குப் போடலியா, வெளக்கப் போடுங்கம்மா என்று கேட்பார். போட்டாச்சு மாமா என்பாள் மருமகள். சரிம்மா என்பார். அந்தச் சரிம்மாவை நினைத்தால் தங்கையா சாருக்கு இன்றைக்கும் முதுகு சில்லிடுகிறது. கோபமில்லை, அழுகையில்லை, வெளக்கு எரிகிறது என்று சொன்னால் நம்பிக்கொள்ளுகிற ஒரு பணிவு. மாநிலத்துக்கே பிள்ளைகளை அனுப்பின ஒருவன், வண்டி வண்டியாகக் கேடயம் வாங்கினவன், பதக்க மேடைக்குக் கீழே நின்று கோட்டுப் பித்தானைத் திருகிக்கொண்டே கண் கலங்கினவன், கடைசியில் ஒரு மூலையில் உட்கார்ந்து சரிம்மா சொல்ல வேண்டியதுதானா? "ஷைனி!" ஆமாம், அதுதான் பயம். சாவு கூட அல்ல. இன்னொருவர் கையைப் பார்த்து, சோற்றில் மீன் எந்தப் பக்கம் என்று கேட்டு, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கோயிலில் முன் பெஞ்சில் உட்கார வைக்கப்படுகிற பயம். எஸ்தர் கை பிடித்து நடத்துவாள், அவள் பொறுமைசாலி, அவளுடைய பொறுமையைத் தாங்க முடியாது. அதற்குள் பெண்களுக்கான அகில இந்தியப் போட்டி ஒன்று மட்டும் முடிந்துவிட்டால் போதும், வடிவு ஒருத்தியை மேடை ஏற்றிவிட்டால் போதும், அப்புறம் எந்த இருட்டு வேண்டுமானாலும் வரட்டும். போன வருஷமும் இதையேதான் சொன்னார், அப்போது ஷைனி. அதற்கு முந்தின வருஷம் கோமதி. இந்தக் கடைசி ஒன்றுக்கு ஒரு கடைசியே வரமாட்டேன் என்கிறது. "ஹனிஷா!" என்று கத்தினாள் காலடியில் ஒருத்தி. தங்கையா சார் தலையை ஆட்டினார். ஆட்டின தலை பாதியில் நின்றது.

வடிவு? ஷைனிக்குப் பிறகு வடிவு, வடிவுக்குப் பிறகு ஹனிஷா. வடிவு என்று யாரும் சொன்னார்களா? சொல்லியிருப்பாள். பெரியப்பாவோடு உட்கார்ந்திருந்த நேரத்தில் சொல்லியிருப்பாள், அவளுக்குத்தான் தொண்டை சின்னதாயிற்றே, அந்த டிரம் வேறு. இல்லை, சொல்லவில்லை. சொல்லியிருந்தால் காதில் எங்கேயாவது ஒட்டியிருக்கும், ஷைனி என்றது இன்னும் ஒட்டியிருக்கிறது, ஹனிஷா ஒட்டியிருக்கிறது, இரண்டுக்கும் நடுவே எஸ்தரும் மீனும் கோயில் பெஞ்சும்தான் இருக்கின்றன. "ஜான்சி!" என்றது நான்காவதோ ஐந்தாவதோ குரல். எல்லாரும் வந்தாயிற்று என்றால் இப்போது விசில் ஊத வேண்டும். விசில் வாயில்தான் இருக்கிறது. ஊதவில்லை. குனிந்து காலடியில் தண்ணீரைப் பார்த்தார். ஓட்டைக்குள் ஒரு நீலத் தொப்பி வந்தது, தலையைத் திருப்பினார், இன்னொன்று, இன்னும் திருப்பினார், மூன்று, நான்கு, ஐந்து. அப்பாடா. மறுபடி எண்ணினார், நான்கு. பிள்ளைகள் சுவரைப் பிடித்து இளைத்துக்கொண்டு அசைகின்றன, ஒருத்தியை இரண்டு தடவை எண்ணியிருப்பார். எல்லாருக்கும் ஒரே நிறத்தில் தொப்பி வாங்கினது யார்? இவர்தான், அணி என்றால் ஒற்றுமை வேண்டும் என்று சொல்லி. வடிவு வந்துட்டாளா? நாலு வார்த்தைக் கேள்வி கூட இல்லை, கேட்டால் கோமதி பதில் சொல்லிவிடுவாள். ஆனால் கண்ணெதிரே, காலடியில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருக்கிற பிள்ளையை வந்துட்டாளா என்று கேட்கிற கோச்சை கோமதி எப்படிப் பார்ப்பாள்? அவள் சூட்டிகையான பெண், முன்னமே இரண்டு தடவை, சார் படி இருக்கு பாத்து என்று சொன்னவள். வடிவு இங்கேதான் இருக்கிறாள் என்றால் கேட்ட அந்த நிமிஷமே எல்லாம் முடிந்தது, குளம், போர்டு, போட்டி, எல்லாம். இல்லை என்றால்? இல்லை என்றால் அவள் எங்கே இருக்கிறாள்? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், தங்கையா, பயப்படாதே, மற்ற பிள்ளைகள் கத்தியிருக்குமே, ஒருத்தி கீழே கிடந்தால் பக்கத்தில் வந்தவளுக்குத் தெரியாதா? தெரியாது. மூச்சு முட்டி வருகிறவள் சுவரை மட்டும்தான் பார்ப்பாள், அப்படிப் பார்க்கப் பழக்கினதும் இவர்தான். மூச்சடக்கி வருகிறபோது சிலருக்கு நினைவு தப்பும், சத்தம் போடாது, கையைக் காலை அடிக்காது, தூங்கினாற்போல அடியில் போய் அமர்ந்துகொள்ளும், எந்தப் பயிற்சி முகாமிலும் முதல் நாள் சொல்லித் தருகிற பாடம். வடிவு சத்தமில்லாதவள். அவளைச் சேர்க்க வந்தபோது அம்மாக்காரி வந்திருந்தாள், பீடி சுற்றிச் சுற்றி விரல் நுனியெல்லாம் பழுப்பேறின பெண், அலுவலக அறைக்குள் வராமல் வாசலிலேயே நின்றாள். "இவ அப்பா வேண்டாம்னுதான் சொன்னாக சார். பொட்டப்பிள்ளைய தண்ணியில விடுதேன், உங்க கண்ணுக்கு முன்னால இருப்பாங்கிற தைரியத்துலதான் விடுதேன்" என்றாள். உங்க கண்ணுக்கு முன்னால. அவர் அன்றைக்குச் சிரித்தார், கவலப்படாதீங்கம்மா என்றார். தலையை இடது பக்கம் திருப்பினார், சாம்பல் நிறம். வலது பக்கம் திருப்பினார், வேலியும் வேப்பமரமும். நடுக்குளத்தில், நல்ல ஆழத்தில், ஓட்டைக்குள் கறுப்பாக ஒன்று வந்து போனது. அடியில் பதித்த கறுப்பு ஓட்டுக் கோடுதான் அது. கோடு இப்படி வளையுமா? தண்ணீர் அலைந்தால் வளையும். முடி கூட அப்படித்தான் அலையும். இன்னும் ஊதாமல் நிற்கிறார், அவர் ஊதாததால் யாரும் பேசாமல் நிற்கிறார்கள். அவள் அங்கே கிடக்கிறாள் என்றால் ஒவ்வொரு மூச்சுக்கும் இவர்தான் கணக்குச் சொல்ல வேண்டும். இவர் இங்கே நின்று மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார். கர்த்தாவே, இந்த ஒரு தடவை. வெள்ளம் தலைக்கு மேல் போனால் சாண் என்ன முழம் என்ன. விசிலைத் துப்பினார், செருப்போடு குதித்தார்.

தண்ணீர் குளிராக இருந்தது, வேட்டைநாய் மாதிரி சட்டைக்குள் புகுந்து பிடுங்கியது. பின்னால் சார் என்று ஒரு அலறல், அப்புறம் "ஏட்டி, யாரோ உள்ள கெடக்கா!" என்று கோமதியின் குரல், அதற்கு மேல் காதில் தண்ணீர்தான். எத்தனையோ வருஷம் கழித்துக் கால்சட்டையோடு நீந்துகிற கிழவனுக்குக் கையும் காலும் இன்னும் வேலையை மறக்கவில்லை, அதைக் கவனிக்கக் கூட அவருக்கு நேரமில்லை. அடியில் போய்க் கையால் துழாவினார். ஓடு, ஓடு, வழுவழுவென்று ஓடு. கண்ணைத் திறந்தால் பாலில் மை கலந்தது போல ஒன்று, மூடினாலும் அதேதான், அதனால் மூடிக்கொண்டே தேடினார். வடிவு, எங்கம்மா இருக்க. உன் அம்மாவிடம் என்ன சொல்லுவேன், வாசலிலேயே நிற்பாளே, உள்ளே கூட வர மாட்டாளே, சார் எம்பிள்ள எங்க என்று கூடச் சத்தமாகக் கேட்க மாட்டாளே. போர்டும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். இதைச் சொல்ல இத்தனை நேரம் ஆனதா உனக்கு, பாவி, இதைச் சொல்லிவிட்டுக் குதிக்க எவ்வளவு நேரம் யோசித்தாய். மூச்சு முட்டியது, மேலே வராமல் இன்னும் தள்ளிப் போய்த் துழாவினார், முட்டி எதிலோ இடித்தது, ஓரத்துச் சுவர், ஓரத்துச் சுவரா ஆழத்துச் சுவரா, திசை தப்பிவிட்டது. பக்கத்தில் தண்ணீர் அசைந்தது. ஒரு விரல், பிறகு ஒரு மணிக்கட்டு, மெலிந்த மணிக்கட்டு, அவர் கைக்குள் வந்து விழுந்தது. பிடித்தார். பிடித்த பிடியில் அந்தக் கை ஒடிந்திருந்தால் கூட ஆச்சரியமில்லை. காலை உதைத்து, அதையும் இழுத்துக்கொண்டு, மேலே வந்து வாயைப் பிளந்தார். அவருடைய அழுகை முதலில் இருமலாகத்தான் வந்தது.

"கெடச்சாளா சார்?" என்றது அவர் பிடித்திருந்த கைக்கு உரியவள் குரல். "நான் அந்தப் பக்கம் பூரா தடவிட்டேன், யாரும் இல்ல. யாரு சார்? யாரத் தேடுதோம்?"

அவர் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி, திருப்பி, ஓட்டைக்குள் கொண்டுவந்தார். நீலத் தொப்பி, சின்ன மூக்கு, பதறிப்போன இரண்டு கண்.

"வடிவா?"

"ஆமா சார். சொல்லுங்க சார் சீக்கிரம், இன்னொருக்கா முங்குதேன். யாரு உள்ள?"

"நீதாம்மா."

"நானா?" அவளுக்கு விளங்கவில்லை. "நான் உங்க பக்கத்துலதான சார் நின்னேன். பாதியில காலு இழுத்துப் பிடிச்சிட்டு, ஓர ஏணிய பிடிச்சு ஏறி நடந்து வந்தேன். விசில் ஊதினப் பெறகு சொல்லுவம்னு உங்க இடதுகைப் பக்கம் நின்னேன். என் பக்கம் திரும்பிக்கூடப் பாத்தீயளே சார்."

குளத்தில் மற்ற நாலு தலைகளும் அங்கங்கே நின்றன.  கலையரங்கத்து டிரம் மட்டும் தன் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. தங்கையா சாருக்கு அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழ வேண்டும்போல இருந்தது, உயிரோடு இருக்கிறாள், காலைப் பிடித்துக்கொண்ட வலியோடு தன்னைத் தானே தேடிக் குதித்திருக்கிறாள். அடுத்த மூச்சிலேயே, வெட்கங்கெட்ட மனசு, ஒரு வழியையும் காட்டியது. சோதிச்சேன் பிள்ளைகளா, ஒரு ஆபத்துன்னா எத்தன பேரு குதிப்பீங்கன்னு பாத்தேன், எல்லாரும் பாஸ். சொன்னால் நம்புவார்கள். நம்புவது மட்டுமா, அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதுவும் பேப்பரில் வரும், அடுத்த வருஷம் கோயம்புத்தூரில் எல்லாக் கோச்சும் சட்டை செருப்போடு குளத்தில் குதிப்பார்கள். வாயைத் திறந்தார். "சோதி" என்று கூடத் தொடங்கிவிட்டார். வடிவு வலியில் பல்லைக் கடித்து, ஒற்றைக் காலால் தண்ணீரை மிதித்துக்கொண்டு, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை அவருக்குத் தெரிந்தது, தெரிந்தவரைக்கும்.

"சார்," என்றாள் கோமதி, மெதுவாக, கொஞ்ச தூரத்திலிருந்து. "நான் எங்க இருக்கேன்னு கையக் காட்டுங்க பாப்போம்."

அவர் கையைத் தூக்கவில்லை. எந்தப் பக்கம் தூக்குவது என்று தெரியாமல் அல்ல, குரலை வைத்துச் சரியாகவே காட்டியிருப்பார், இரண்டு வருஷமாக அதைத்தானே செய்தார்.

"தெரியல கோமதி," என்றார். "ரொம்ப நாளாவே தெரியல."

யாரோ ஒருத்தி விசும்பினாள், ஜான்சியாக இருக்கும். அவர் இன்னும் வடிவின் மணிக்கட்டை விடவில்லை. விட்டால் மறுபடி அவள் எங்கே இருக்கிறாள் என்று தெரியாமல் போய்விடும் என்கிற பயம், அதோடு கூட இன்னொரு பயம், இனி நாளைக்கு, நாளை மறுநாள், பிரின்சிபால் அறை, எஸ்தர், முன் பெஞ்சு, எல்லாம் ஒன்றாக வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. பல் கிட்டித்தது. குளிர் என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் பயம்தான்.

"கரை எந்தப் பக்கம்மா?" என்று கேட்டார்.

"இங்கன சார்," என்றாள் வடிவு. "கிட்டத்துலதான் இருக்கு. என் தோள்ல கைய வைங்க."

வைத்தார். அவள் நல்ல காலை மட்டும் உதைத்து அவரைக் கூட்டிக்கொண்டு போனாள், அவர் வழி முழுக்கப் பயந்துகொண்டே போனார்.